காலி ஃப்ளேர் தோட்டாவை வீட்டில் ரீலோட் செய்யலாமா? (26.5 மி.மீ.)

#1 கள்ளிக்காட்டான்
வணக்கம் மக்களே. டெக்ஸஸில், சான் அன்டோனியோவுக்கு வெளியே இருக்கிறேன். போன வாரம் ஒரு கன் ஷோவில் போலந்து ராணுவம் கழித்துக்கட்டிய 26.5 மி.மீ. சிக்னல் பிஸ்டல் ஒன்று (ஃப்ளேர் என்கிற வண்ண வெளிச்சத்தைச் சைகையாக வானத்தில் விடும் துப்பாக்கி) மலிவாகக் கிடைத்தது. கூடவே ஒரு பிளாஸ்டிக் பையில் 14 அலுமினியக் கூடுகள், எல்லாம் சுட்டுத் தீர்ந்தவை என்று கடைக்காரர் சும்மாவே தள்ளிவிட்டார். 12 கேஜ் ஷாட்கன் தோட்டாவை ஆறு வருஷமாக நானே ரீலோட் செய்கிறேன், அதாவது காலிக் கூட்டில் மறுபடி மருந்து அடைக்கிறேன். ப்ரெஸ், தராசு எல்லாம் கராஜில் இருக்கிறது.

நண்பர் ஒருவருக்கு ஊருக்கு வெளியே ராஞ்ச் உண்டு. தீபாவளிக்கு இருபது குடும்பம் கூடுவோம். சிவப்பு நட்சத்திரம் (வானில் எரியும் மருந்துக் கட்டி) நாலு, ஆரஞ்சுப் புகை இரண்டு விட்டால் பிள்ளைகள் குதிப்பார்கள். ரெடிமேட் ரவுண்டு வாங்கலாம்தான், ஆனால் நாமே செய்வதில்தானே சுகம். யாராவது இதைச் செய்திருக்கிறீர்களா? எங்கே ஆரம்பிப்பது?

#2 பாய்மரப்பித்தன்
கால்வெஸ்டன் வளைகுடாவில் 27 அடிப் படகு வைத்திருக்கிறேன். ஃப்ளேரோடு எனக்குப் பழக்கம் அவ்வளவுதான், வாங்குவேன், காலாவதியாகும், மறுபடி வாங்குவேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். நீங்கள் 12 கேஜில் செய்வதும் இதுவும் பேரில்தான் ஒன்று. அங்கே மருந்து கம்பெனியிலிருந்து டப்பாவில் வருகிறது. எவ்வளவு போட வேண்டும், எந்தக் கூட்டுக்கு எந்த ப்ரைமர் (ஊசி குத்தியதும் மருந்தைப் பற்றவைக்கும் அடிமூடி), எல்லாவற்றுக்கும் அட்டவணை இருக்கிறது. நீங்கள் செய்வது அளந்து ஊற்றி அழுத்துவது மட்டும்தான். ஃப்ளேரில் அப்படி டப்பா கிடையாது. எரிகிற நட்சத்திரத்தையே நீங்கள்தான் செய்ய வேண்டும். சாதம் வடிக்கத் தெரிந்தவரிடம் நெல் விளைக்கச் சொன்ன கதை.

இன்னொன்று, நிறம். கடலில் சிவப்பு நட்சத்திரமும் ஆரஞ்சுப் புகையும் வெறும் அலங்காரம் இல்லை. கப்பல்கள் மோதாமலிருக்க வகுத்த சர்வதேச விதிகளின் நான்காம் இணைப்பில் இரண்டுமே ஆபத்துச் சைகைகள். உங்கள் ராஞ்சிலிருந்து கடல் தூரம்தான். ஆனாலும் பக்கத்தில் ஏரி இருந்தால் கரையில் நிற்கிறவர் 911 அழைப்பார். அழைத்தவர் மேல் தப்பு சொல்ல முடியாது.

அப்புறம் ஒரு கேள்வி. அந்த 14 கூட்டிலும் ப்ரைமர் குழிந்திருக்கிறதா என்று பார்த்தீர்களா?

#3 பட்டாசுவீட்டுப்பேரன்
சிவகாசிக்குப் பக்கத்து ஊர். தாத்தா, அப்பா, சித்தப்பா எல்லோரும் பட்டாசு வேலை. நான் தப்பித்து ஒஹாயோவில் மருந்து மாத்திரைத் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். அதுவும் மருந்துதான் என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள்.

அண்ணே, எங்கள் பக்கம் பேப்பரில் வருகிற செய்தியை நீங்கள் படித்திருப்பீர்கள். 'மருந்து கலக்கும்போது உராய்வு ஏற்பட்டு' என்றுதான் தொடங்கும். 'உராய்வு' என்ற அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன்.

கலக்கும் அறையில் இரண்டு பேருக்கு மேல் நிற்கக் கூடாது. நைலான் சட்டை கிடையாது, பருத்திதான். பனியனில் கூட பாலியெஸ்டர் கலந்திருந்தால் தாத்தா வாசலிலேயே நிறுத்துவார். இரும்பு ஆணி, இரும்புக் கரண்டி எதுவும் உள்ளே வராது. காலையில் வெயில் ஏறும் முன் கலக்கி முடிப்பார்கள். அன்றைக்குக் கலந்தது அன்றைக்கே தீர வேண்டும், மிச்சத்தை ராத்திரி வைத்துவிட்டுப் போகக் கூடாது. ஈரம் பட்ட உலோகப் பொடி தானே சூடாகும். தரையில் சிந்தினால் துடைப்பம் எடுக்காமல் முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவார்கள்.

சித்தப்பாவுக்கு முப்பது வருஷ அனுபவம். ஒரு நாள் சல்லடையைத் தட்டினார். வழக்கமாகக் கையால் லேசாக அசைப்பவர், அன்றைக்குக் கட்டி விழாததால் விளிம்பைச் சுவரில் ஒரு தட்டு. வலது கையில் இப்போது கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான். அதற்குப் பிறகு பீடி பற்ற வைக்க இடது கைக்குத் தீப்பெட்டியைப் பழக்க ஒரு வருஷம் ஆனது. நான் சின்னப் பையன், பக்கத்தில் உட்கார்ந்து உரசிக் கொடுப்பேன்.

உங்கள் கராஜில் வாட்டர் ஹீட்டர் இருக்கிறதா? அதன் பைலட் சுடர் எரிகிறதா?

#4 கள்ளிக்காட்டான்
இருக்கிறது. எரிகிறது. அதை யோசிக்கவே இல்லை.

பித்தன் அண்ணே, கூடுகளை இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. சமையலறை டிராயரில் கிடக்கிறது. வார இறுதியில் பார்க்கிறேன்.

#5 இரும்புக்கை
இங்கே எல்லோரும் ரொம்பப் பயமுறுத்துகிறார்கள். நான் நாலு வருஷமாகச் செய்கிறேன், பத்து விரலும் இருக்கிறது. சிவப்புக்கு எளிதான கலவை இது:
[இந்தப் பகுதி நெறியாளரால் நீக்கப்பட்டது]

#6 நெறியாளர்
கலவை, அளவு, செய்முறை இங்கே வேண்டாம். குழுவில் பதினாலு வயசுப் பையன்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் கராஜ் இருக்கிறது. வரலாறு, சட்டம், அனுபவம் எல்லாம் தாராளமாகப் பேசுங்கள். இரும்புக்கைக்குத் தனிமடல் அனுப்பியிருக்கிறேன்.

#7 மூன்றாம்மாலுமி
சரக்குக் கப்பலில் மூன்றாம் அதிகாரி. உயிர்காப்புச் சாமான்களுக்கெல்லாம் நான்தான் பொறுப்பு, அதனால் ஃப்ளேரின் காலாவதித் தேதி மனைவியின் பிறந்தநாளைவிட நன்றாக ஞாபகம் இருக்கும். (அவள் இந்தக் குழுவில் இல்லை.)

கப்பலை ஓட்டும் மேல்தளமான பிரிட்ஜில் 12 பாராசூட் ராக்கெட். ஒவ்வொரு லைஃப்போட்டிலும் 4 ராக்கெட், 6 கைஃப்ளேர், 2 புகை. ராக்கெட் 300 மீட்டர் உயரமாவது ஏற வேண்டும், அங்கிருந்து பாராசூட்டில் தொங்கி 40 வினாடி 30,000 கேண்டெலா வெளிச்சத்தில் எரிய வேண்டும், நொடிக்கு 5 மீட்டருக்கு மேல் வேகமாக இறங்கக் கூடாது. கைஃப்ளேர் ஒரு நிமிஷம். புகை மூன்று நிமிஷம், அதுவும் தீ வராமல், அலை அடித்தாலும் மூழ்காமல். கைஃப்ளேரையும் புகையையும் தண்ணீருக்கடியில் பத்து வினாடி அமுக்கினாலும் அணையாமல் தொடர வேண்டும். இவ்வளவும் தேறினால்தான் அது ஃப்ளேர். அதற்கும் ஆயுள் மூன்று வருஷம் சொச்சம்தான். முடிந்ததும் நல்லதாகத் தெரிந்தாலும் இறக்கிவிடுவோம்.

கைஃப்ளேரை நான் முதலில் பிடித்தது சென்னையில் ஒரு பயிற்சிக் கூடத்தின் பின்கட்டில். வாத்தியார் சொன்னது ஒன்றே ஒன்று: 'காற்று உன் முதுகில் இருக்கட்டும், கையை நீட்டு, அதைப் பார்க்காதே.' நான் பார்த்தேன். பிறகு கண்ணை மூடினாலும் அந்த வெளிச்சம் இமைக்குள் பச்சையாக மிதந்துகொண்டே இருந்தது. நுனியிலிருந்து கசடு சொட்டுச் சொட்டாகச் சிமெண்டில் விழுந்தது, ஒவ்வொரு சொட்டும் விழுந்த இடத்தில் வெள்ளையாகப் பொரிந்தது. ஒரு நிமிஷம் என்பது எவ்வளவு நேரம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பக்கத்தில் நின்ற பையன் காற்றைப் பார்த்து நின்றான், பொறி சட்டைக் காலரில் விழுந்தது. அது தொழிற்சாலையில் செய்து, சோதித்து, முத்திரை குத்திய சரக்கு. அதற்கே இப்படி.

#8 இரும்புக்கை
நீக்கியது சரி. ஆனால் நான் பொய் சொல்லவில்லை என்று பதிவு செய்கிறேன். இந்த ஊரில் பட்டாசு செய்வதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களுக்கு முறையான சங்கங்களே இருக்கின்றன. சொந்தமாக விதவிதமான வாணம் செய்து வருஷா வருஷம் ஒன்றுகூடிக் கொளுத்துகிறார்கள். எல்லோரையும் பைத்தியம் என்று சொல்லாதீர்கள்.

#9 பட்டாசுவீட்டுப்பேரன்
பைத்தியம் என்று யாரும் சொல்லவில்லை. அந்தச் சங்கத்தில் போய்ச் சேருங்கள் என்றுதான் நானும் கள்ளிக்காட்டானுக்குச் சொல்வேன். அங்கே ஒருவர் பக்கத்தில் நின்று கையைத் தட்டிவிடுவார். யூடியூப் தட்டாது.

#10 சட்டப்புள்ளி
வக்கீல் இல்லை, ஆனால் பத்து வருஷம் துப்பாக்கிக் கடையில் கணக்கு எழுதினேன். சுருக்கமாக.

சைகைக்கு மட்டும் பயன்படும் ஃப்ளேர் பிஸ்டல் மத்திய சட்டத்தில் துப்பாக்கி இல்லை. அதனால்தான் உங்களுக்குக் காகிதமில்லாமல் கிடைத்தது. அந்தச் சலுகை நீங்கள் அதற்குள் எதைப் போடுகிறீர்கள் என்பதோடு கட்டுண்டது. 37 மி.மீ. லாஞ்சர் வைத்திருப்பவர் ரப்பர் குண்டோ மரக்குண்டோ சேர்த்து வைத்திருந்தால், 1995-ல் ஏடிஎஃப் (துப்பாக்கி, வெடிபொருளைக் கண்காணிக்கும் மத்தியத் துறை) தந்த தீர்ப்பின்படி அது 'அழிவுக் கருவி' ஆகிவிடும். ஃப்ளேர் பிஸ்டலுக்குள் குழாய் செருகி நிஜத் தோட்டா போடும் சமாச்சாரமும் விற்கிறது. அதைத் தொடவே தொடாதீர்கள். சட்டமும் மாறும், குழலும் தாங்காது.

மருந்து விஷயம். விற்காமல் சொந்த உபயோகத்துக்குச் செய்பவருக்கு மத்திய உற்பத்தி உரிமம் தேவையில்லை என்பது உண்மை. பலர் அந்த வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அடுத்த வரி என்ன தெரியுமா? வைக்கும் இடத்துக்குத் தனி விதி, கூரை, பூட்டு, வீட்டிலிருந்து தூரம் எல்லாம் உண்டு. சாலையில் எடுத்துப் போக அனுமதி வேண்டும். அதாவது கராஜில் செய்து காரில் வைத்து நண்பரின் ராஞ்சுக்குக் கொண்டு போனால் அங்கேயே மீறல். மாநிலச் சட்டம், கவுண்டியின் தீத் தடை எல்லாம் இதற்கு மேல்.

இன்சூரன்ஸ் பாலிசியையும் ஒருமுறை எடுத்துப் படியுங்கள்.

#11 கள்ளிக்காட்டான்
தீத் தடை இப்போது அமலில்தான் இருக்கிறது, புல் எல்லாம் காய்ந்து கிடக்கிறது. சரி, நட்சத்திரத்தை விட்டுவிடுகிறேன். புகை மட்டும்? அதில் தீயே இல்லையே.

#12 இரவுப்பணி
தீக்காயப் பிரிவில் நர்ஸ். உங்கள் இழையைத் தூக்கம் வராமல் படித்துக்கொண்டிருந்தேன்.

தம்பி, புகை தீ இல்லாமல் வராது. சாயத்தை ஆவியாக்க உள்ளே ஏதோ ஒன்று எரிந்துகொண்டேதான் இருக்கும். அந்தச் சூட்டை அளவாக வைத்தால் சாயம் ஆவியாகிப் புகையாக வரும். அளவு தப்பினால் சாயமே பற்றிக்கொள்ளும். வெளியில் தீ தெரியாமல் டப்பாவை அடக்கி வைப்பதுதான் மூன்றாம்மாலுமி சொன்ன அந்த 'தீ வராமல்' என்ற நிபந்தனை. அதை வீட்டில் எப்படிச் சாதிப்பீர்கள்?

எங்களிடம் வந்த ஒருவர் நைலான் கையுறை போட்டிருந்தார், பாதுகாப்புக்காக. கையுறை உருகித் தோலோடு ஒட்டிவிட்டது. நாங்கள் உரித்தது எது கையுறை எது தோல் என்று தெரியாத ஒரு படலம். எரிந்தது மக்னீசியம். பயத்தில் ஈரத் துணியைப் போட்டிருக்கிறார்கள், மக்னீசியத் தீ தண்ணீரைக் கண்டால் இன்னும் சீறும். வேறு விவரம் சொல்ல மாட்டேன்.

#13 பாய்மரப்பித்தன்
2020 செப்டம்பர் 5, கலிபோர்னியா, யுகைப்பா. பிறக்கப் போவது ஆணா பெண்ணா என்று காட்ட ஒரு தம்பதி பூங்காவில் புகைக் கருவி கொளுத்தினார்கள். வாங்கின சரக்கு, வீட்டில் செய்ததுகூட இல்லை. காய்ந்த புல் பிடித்தது. 22,000 ஏக்கருக்கு மேல் எரிந்து, ஒரு தீயணைப்பு வீரர் இறந்தார். தம்பதி மேல் வழக்கு போட்டார்கள். 'அதில் தீயே இல்லையே' என்று அவர்களும்தான் நினைத்திருப்பார்கள்.

#14 செம்புக்கூடு
நான் பழைய சிக்னல் கூடு சேகரிப்பவன். காலிக் கூடுகள் மட்டும். ரொம்ப நேரமாக வாயை மூடிக்கொண்டிருக்கிறேன், ஒரு மாற்றத்துக்கு வரலாறு பேசட்டுமா?

இரவில் வண்ணத் தீயால் பேசும் முறைக்கு அமெரிக்காவில் 1859-ல் காப்புரிமை வாங்கியவர் ஒரு விதவை, மார்த்தா காஸ்டன். கணவர் 1848-ல் இறந்தபோது விட்டுப்போனது ஒரு நோட்டும் முழுமையாகாத குறிப்புகளும். அதை வைத்துக்கொண்டு பத்து வருஷம் ரசாயனக்காரர்கள் பின்னால் அலைந்தார். வெள்ளையும் சிவப்பும் தயார், மூன்றாவதாக ஒரு நிறம் சரியாக வரவில்லை. அட்லாண்டிக் தந்திக் கம்பி வெற்றியை நியூயார்க் வாணவேடிக்கை விட்டுக் கொண்டாடியதைப் பார்த்துத்தான் வாணக்காரர்களிடமே கேட்கலாம் என்று தோன்றியதாம். மூன்றாவது பச்சையாக அமைந்தது. உள்நாட்டுப் போர் முழுக்க வடக்குக் கடற்படை அதில்தான் பேசியது. காப்புரிமையில் கண்டுபிடித்தவர் என்று கணவர் பெயர்தான். தன் பெயரில் ஒன்று வாங்க 1871 வரை ஆனது.

அப்புறம் 1877-ல் எட்வர்ட் வெரி என்ற கடற்படை அதிகாரி அதைக் கைத்துப்பாக்கியில் போட்டுச் சுடும்படி செய்தார். உங்கள் போலந்து பிஸ்டல் அவருடைய பேரப்பிள்ளை. கவனியுங்கள், அந்த அம்மா பத்து வருஷம் அலைந்தது 'எப்போதும் ஒரே மாதிரி எரிய' வைக்கத்தான். எரிய வைப்பது அன்றைக்கே எல்லோருக்கும் தெரியும்.

கள்ளிக்காட்டான், கூடுகளின் அடிவிளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். பழைய ராணுவக் கூடுகளில் சிலது முழுக்க வரிவரியாக இருக்கும், சிலது பாதி, சிலது வழுவழுப்பு. இருட்டில் நிறம் தெரிய வேண்டுமே, சிப்பாய் விரலாலேயே தெரிந்துகொள்வான். பாதி வரி உள்ளது எதுவும் இருந்தால் சொல்லுங்கள்.

#15 கள்ளிக்காட்டான்
தடவிப் பார்த்தேன். ஒன்பது வழுவழு, மூன்று முழு வரி. பாதி வரி இரண்டு.

அந்தப் பாதி வரி இரண்டையும் திருப்பிப் பார்த்தால் ப்ரைமர் குழியவே இல்லை. மற்ற பன்னிரண்டில் நடுவில் ஊசி குத்தின பள்ளம் தெளிவாக இருக்கிறது. இந்த இரண்டின் மேல்வாயில் அட்டை வட்டம், அதன் மேல் கருப்பாக ஏதோ பூச்சு. நான் உள்ளே அழுக்கு அடைத்திருக்கிறது என்று நினைத்திருந்தேன். நேற்று ராத்திரிதான் ஸ்க்ரூடிரைவரால் சுரண்டிப் பார்க்கலாமா என்று கையில் எடுத்தேன். மகள் ஹோம்வொர்க்குக்குக் கூப்பிட்டாள், வைத்துவிட்டுப் போய்விட்டேன்.

#16 பாய்மரப்பித்தன்
தொடாதீர்கள். குலுக்காதீர்கள். தண்ணீரில் போடாதீர்கள். பிஸ்டலில் போட்டுப் பார்க்கவே வேண்டாம். இப்போது எங்கே இருக்கிறது?

#17 கள்ளிக்காட்டான்
டிராயரில். அடுப்புக்குப் பக்கத்து டிராயர்.

#18 பட்டாசுவீட்டுப்பேரன்
அடுப்பைப் பற்ற வைக்காதீர்கள். வீட்டில் எல்லோரையும் வெளியே அழைத்துப் போய்விட்டு ஷெரிஃப் அலுவலகத்துக்கு போன் போடுங்கள். பழைய ராணுவ வெடிபொருள் என்று சொன்னால் அவர்களே ஆள் அனுப்புவார்கள். திட்ட மாட்டார்கள், இதுபோல் தாத்தா டிரங்கில் கண்டெடுத்தவை தினமும் வரும்.

அந்த மருந்து எந்தக் காலத்தது என்று யாருக்கும் தெரியாது. உள்ளே ஈரம் போயிருந்தால் அழுத்தி வைத்த நட்சத்திரம் விரிசல் விட்டிருக்கும். முழுசாக இருந்தால் மேற்பரப்பு மட்டும் எரியும். உடைந்திருந்தால் உள்ளதெல்லாம் ஒரே நேரத்தில் பிடிக்கும், அதுவும் குழலுக்குள்ளேயே. வீட்டில் செய்கிறவர்களின் நட்சத்திரம் கையில் வெடிப்பதற்கும் இதுதான் காரணம். நேற்றே சொல்ல நினைத்தேன்.

#19 மூன்றாம்மாலுமி
காலாவதியானதைக் கப்பலில் நாங்களும் துறைமுகத்தில் ஆளிடம்தான் ஒப்படைப்போம், ரசீது வாங்கிக்கொண்டு. கடலில் எறிவதும் இல்லை, வேடிக்கைக்குச் சுடுவதும் இல்லை. என்ன ஆச்சு என்று எழுதுங்கள்.

#20 கள்ளிக்காட்டான்
இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

ஆள் வந்தார்கள், இரண்டு பேர். ஒருவர் டிராயரை முழுசாகவே உருவி, கரண்டி முள்கரண்டியோடு முற்றத்துக்குக் கொண்டு போனார். பார்த்துவிட்டு, இரண்டுமே உயிரோடுதான் இருக்கிறது என்றார். பிஸ்டலைப் பார்த்து, நல்ல நிலைமையில் இருக்கிறது என்று பாராட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இரண்டு கூட்டையும் கனமான பெட்டியில் வைத்து எடுத்துப் போய்விட்டார்கள். கரண்டிகளை மனைவி மூன்று முறை கழுவினாள். என்னோடு பேசியது நேற்று மத்தியானத்துக்கு மேல்தான்.

தீபாவளிக்கு ராஞ்சில் எதுவும் இல்லை, தீத் தடை இன்னும் எடுக்கவில்லை. சிமெண்ட் டிரைவ்வேயில் வாளியில் தண்ணீர் வைத்துக் கம்பி மத்தாப்பு, அதுவும் கவுண்டியில் கேட்டுவிட்டு. இரும்புக்கை, அந்தச் சங்கத்தின் பெயரைத் தனிமடலில் அனுப்புங்கள். அடுத்த வருஷம் பார்வையாளராகவாவது போய் வருகிறேன்.

#21 செம்புக்கூடு
நல்லவேளை. சொல்லக் கூடாதுதான், ஆனாலும் பாதி வரி இரண்டும் போய்விட்டதே என்று ஒரு சின்ன வருத்தம். மீதி பன்னிரண்டை விற்பதாக இருந்தால் முதலில் எனக்கு.

#22 கள்ளிக்காட்டான்
இரண்டை மகள் பென்சில் வைக்க எடுத்துக்கொண்டாள். பத்து இருக்கிறது. தபாலில் அனுப்பலாமா?

#23 சட்டப்புள்ளி
காலிக் கூடாக இருந்தாலும் அனுப்பும் முன் தபால் ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அதற்கு முன், பத்தையும் திருப்பி வைத்து ப்ரைமரைப் படம் எடுத்து இங்கே போடுங்கள். மகளிடம் உள்ள இரண்டையும் சேர்த்து.